உங்களுக்குத் தெரியுமா? பசுமைக் கட்சி இல்லாத சட்டமன்றத்தில் பசுமைப் பிரதிநிதிகள்

கேரளச் சட்டமன்றத்தில் பசுமைக் கட்சி என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் 2012-ல் ஆறு உறுப்பினர்களுக்கு 'ஹரித எம்எல்ஏக்கள்', அதாவது பசுமை எம்எல்ஏக்கள், என்ற பெயர் விழுந்தது. பரவூர் வி.டி. சதீசன், கொடுங்கல்லூர் டி.என். பிரதாபன், எர்ணாகுளம் ஹைபி ஈடன், திருத்தாலா வி.டி. பல்ராம், அழீக்கோடு கே.எம். ஷாஜி, கல்பெட்டா எம்.வி. ஸ்ரேயாம்ஸ் குமார். முதல் நால்வர் காங்கிரஸ். ஷாஜி முஸ்லிம் லீக், ஸ்ரேயாம்ஸ் குமார் சோஷலிஸ்ட் ஜனதா. ஆறு பேருமே அப்போதைய ஆளும் முன்னணியைச் சேர்ந்தவர்கள். 2011 தேர்தலில் 140-க்கு 72 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்த உம்மன் சாண்டி அரசு அது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆட்சி ஆடிப்போகும் நிலைமை. அந்த நேரத்தில் சொந்த அரசின் வனக் கொள்கையைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள் என்பதுதான் இவர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய காரணம்.

*

அந்த ஆறு பேரும் முதலில் கையில் எடுத்தது நெல்லியாம்பதி. பாலக்காடு மாவட்டத்து மலை. அங்குள்ள வனநிலங்களைக் காப்பி, ஏலத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டது அன்றைய கொச்சி அரசு. அந்த அரச குடும்பத்தின் இருப்பிடம் நம் திருப்பூணித்துறைதான். மன்னராட்சி போய்விட்டது. குத்தகைத் தோட்டங்கள் கைமாறிக் கைமாறி நின்றன. பல இடங்களில் காலம் முடிந்துபோயிருந்தது, சில இடங்களில் நிபந்தனைகள் மீறப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட நிலங்களை வனத்துறை திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஹரித எம்எல்ஏக்களின் நிலை. விவசாயிகள் பக்கம் நிற்பதாகச் சொன்ன அரசுத் தலைமைக் கொறடா பி.சி. ஜார்ஜுக்கும் இவர்களுக்கும் பகிரங்கமாகவே மோதல் வந்தது. கொறடாவும் எம்எல்ஏக்களும் ஒரே முன்னணி. இத்தனை தூரத்தில் இருக்கிற மலைக்காக ஒரு பரவூர்க்காரரும் எர்ணாகுளத்துக்காரரும் ஏன் பேச வேண்டும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கடலோரத் தொகுதிகளில் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று யோசித்தாலே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

*

அந்த அறுவரில் ஒருவரான ஹைபி ஈடன் 2019-ல் எர்ணாகுளம் மக்களவை உறுப்பினரானார். திருப்பூணித்துறையும் மட்டாஞ்சேரியும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன. அவர் தத்தெடுத்த கும்பளங்கி கிராமத்தில் 'அவள்க்காயி' என்ற திட்டம் நடந்தது. 18 வயது நிறைந்த பெண்களுக்கு மாதவிடாய்க் கப்புகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. மொத்தம் 5,000-க்கும் மேல். வெறுமனே கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. எப்படிப் பயன்படுத்துவது, எப்படிக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது என்று பெண்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தந்தார்கள். 2022 ஜனவரி 13 அன்று நாட்டின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராட்சியாகக் கும்பளங்கியை ஆளுநர் அறிவித்தார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் தீவுக் கிராமம் ஒன்றில் குப்பை எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். நாலு பக்கமும் காயல். புதைக்க இடம் இல்லை, தோண்டினால் தண்ணீர். எரித்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். பயன்படுத்திய நாப்கினை யாருக்கும் தெரியாமல் அப்புறப்படுத்தும் பாரம் முழுவதும் பெண் தலையில். வாய் திறந்து பேசக் கூச்சப்பட்ட ஒரு விஷயத்தை ஒரு மக்களவை உறுப்பினர் மேடையில் பேசினார், ஊராட்சி அதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பாலம் திறப்பு விழாவைவிட இது பெரிய வேலை என்பேன்.

*

அதே அறுவரில் இன்னொருவரான பிரதாபன் 2019-ல் திருச்சூர் மக்களவை உறுப்பினரானபோது, பூச்செண்டும் பொன்னாடையும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று அறிவித்தார்.

*

பசுமையாகப் பேசியதால் சீட்டை இழந்தவர் யார் தெரியுமா? பி.டி. தாமஸ். 2009 முதல் 2014 வரை இடுக்கி மக்களவை உறுப்பினர். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த மாதவ் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. மலையோரமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. வீடு கட்ட முடியாது, மாடு வளர்க்க முடியாது என்றெல்லாம் பீதி பரவியது. இடுக்கி தொகுதியில் நின்றுகொண்டு அந்த அறிக்கையை ஆதரித்தார் தாமஸ். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014-ல் கட்சி அவருக்கு இடுக்கியைக் கொடுக்கவில்லை. அவரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

2016-ல் நமக்குப் பக்கத்துத் தொகுதியான திருக்காக்கரையில் நின்று வென்றார், 2021-ல் மறுபடியும் வென்றார். அங்கே கடம்ப்ரையாற்றின் மாசுக்கு எதிராகப் பேசினார். 2021 டிசம்பர் 22-ல் காலமானார். தன் உடல்மேல் மலர்வளையம் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கண்களைத் தானம் செய்யச் சொன்னார். வயலாரின் 'சந்திரகளபம்' பாடலை மெல்லிய ஒலியில் வைக்கச் சொன்னார். இடையில், 2018-லும் 2019-லும் பெருமழையில் மலைகள் சரிந்தபோது, காட்கில் அறிக்கையை ஊரே தேடிப் படித்தது. ஓட்டுப் போடுகிறவர்கள் கேட்க விரும்பாததை அவர்கள் நன்மைக்காகவே சொல்வது மக்கள் பிரதிநிதியின் வேலைகளிலேயே கடினமானது. தாமஸ் அதைச் செய்தார்.

*

ஒரு நெல்வயலை மண் போட்டு நிரப்பலாமா கூடாதா என்பதில் உங்கள் ஊராட்சித் தலைவருக்குப் பங்கு உண்டு, தெரியுமா? கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் ஊராட்சித் தலைவர் அல்லது நகராட்சித் தலைவர். கூட்டுநர் வேளாண் அதிகாரி. கிராம அதிகாரியும் மூன்று விவசாயிகளின் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். எது வயல், எது கரைநிலம் என்று 'டேட்டா பேங்க்' தயாரித்ததும் இந்தக் குழுதான். இரவோடு இரவாக டிப்பர் லாரியில் செம்மண் வந்து இறங்கும்போது ஊர்க்காரர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு திருவனந்தபுரத்தில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிறது. 2018-ல் சட்டம் திருத்தப்பட்டுப் பிடி சற்றுத் தளர்ந்தது. ஆனாலும் குழு இன்றும் உண்டு.

*

திருப்பூணித்துறைச் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிற மரடில் 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் காயல் கரையில் கட்டியவை என்று 2019 மே 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் விளைவு. பலருக்குத் தெரியாத பகுதி இதற்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது 2006-ல் மரடு ஊராட்சி. மரடு அப்போது நகராட்சி ஆகியிருக்கவில்லை.

அனுமதிச் சீட்டில் போடும் ஒரு கையெழுத்து பதினான்கு வருடம் கழித்து எத்தனை குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவரும் என்பதை மரடு காட்டியது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்கள் நிர்க்கதியானார்கள். இடைக்கால நிவாரணமாகத் தலா 25 லட்சம் ரூபாய் கொடுக்க நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அனைத்துக் கட்சிகளும் கூடிக் குடியிருப்போருக்காக வழி தேடியது 2019 செப்டம்பரில். தேட வேண்டிய வருடம் 2006. காயலின் கரையைக் காப்பதும் வீடு வாங்குகிறவரைக் காப்பதும் ஒரே வேலைதான் என்று உள்ளாட்சியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

*

கோணோத்துப்புழா ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளம். திருப்பூணித்துறை நகராட்சி, உதயம்பேரூர், சோற்றானிக்கரை, முளந்துருத்தி, ஆம்பல்லூர், எடைக்காட்டுவயல் என்று வளைந்து பூத்தோட்டை பக்கம் காயலில் சேர்கிறது. சரக்குத் தோணிகள் போய்வந்த ஆறு. இரு கரையிலும் நெல் விளைந்தது. இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. ஆக்கிரமிப்பு ஒரு பக்கம். தோணி நுழைய முடியாத உயரத்தில் கட்டிய பாலங்களும் நீரோட்டத்தை மறிக்கும் தடுப்புகளும் இன்னொரு பக்கம். ஒரே ஆறு, ஒரு நகராட்சி, பல ஊராட்சிகள், இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். மேலே தூர் வாரினால் கீழே அடைக்கிறது. அதனால்தான் திருப்பூணித்துறை, பிறவம் இரண்டு தொகுதி எம்எல்ஏக்களும் எல்லா உள்ளாட்சித் தலைவர்களும் ஒரே மேசையில் உட்காராமல் இந்த ஆறு பிழைக்காது. வாக்குறுதிப் பட்டியலில் தேர்தல்தோறும் வந்துபோகும் பெயர் இது. ஆறு ஓட வேண்டும்.

*

பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் 2 அன்று பற்றி எரிந்தது. அணைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. திருப்பூணித்துறையில் சன்னலைத் திறக்க முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கொச்சியின் குப்பை மட்டுமல்ல, திருப்பூணித்துறை உள்ளிட்ட சுற்று நகராட்சிகளின் குப்பையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புகையில் நம் வீட்டுக் காய்கறித் தோலும் இருந்தது. அதன்பிறகு அதே இடத்தில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் நாளொன்றுக்கு 150 டன் உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையை அமைத்தது.

*

குப்பை மலை எரிவதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்ட ஊர் ஆலப்புழை. சர்வோதயபுரம் கிடங்கைச் சுற்றியிருந்த மக்கள் லாரிகளை மறித்தார்கள். நகரத்துத் தெருவெல்லாம் நாறியது. அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஆலப்புழை எம்எல்ஏ டி.எம். தாமஸ் ஐசக், நகராட்சியோடு சேர்ந்து 2012-ல் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டத்தைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு சிறு எரிவாயுக் கலன்கள், குழாய் உரக்கலன்கள். வசதி இல்லாதவர்களுக்குத் தெருமுனையில் 'தும்பூர்முழி' உரத்தொட்டிகள். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகம் வடிவமைத்தது அது. ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு சாணம், காய்ந்த இலை. நாற்றம் வராது. மூன்று மாதத்தில் உரம். 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்காக ஒசாகா, லுப்லியானா, பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா ஆகியவற்றோடு ஆலப்புழையையும் சேர்த்து ஐந்து நகரங்களை எடுத்துக்காட்டியது.

*

வீட்டு வாசலுக்கு வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப்போகும் ஹரித கர்ம சேனையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். உள்ளாட்சிகளின் பொறுப்பில் இயங்கும் படை. மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியில் இந்தச் சேனையைச் சேர்ந்த 11 பெண்கள் 250 ரூபாய் லாட்டரிச் சீட்டு ஒன்றை ஒருவரால் வாங்க முடியாமல் பங்கு போட்டு வாங்கினார்கள். 2023 ஜூலையில் அந்தச் சீட்டுக்குத்தான் மழைக்கால பம்பர் 10 கோடி விழுந்தது. வேலையை விடப்போவதில்லை என்றார்கள். அவர்கள் வரும் நாளில் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைக் கொடுப்பதும், மாதக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்பதும் நாம் செய்யக்கூடிய மரியாதை.

*

ஒரு ஊராட்சி கோக்கோ-கோலாவின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த கதை தமிழக எல்லையை ஒட்டியது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடை. 2000-ல் ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பழங்குடி மக்கள் உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. இந்த ஊர்ப் பழங்குடியினர் பலருக்குத் தமிழ் வீட்டுமொழி. ஏ. கிருஷ்ணன் தலைமையிலிருந்த பெருமாட்டி ஊராட்சி 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலை தந்த வரி அந்த ஊராட்சிக்குச் சிறிய தொகை இல்லை. அதை இழக்கத் துணிந்தார்கள். நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-ல் டிவிஷன் பெஞ்ச் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னபோதும் ஆலை மீண்டும் காலூன்ற முடியவில்லை. இழப்பீட்டுக்கான தீர்ப்பாய மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 216 கோடி ரூபாய் என்று உயர்நிலைக் குழு கணக்கிட்ட நஷ்டத்துக்கு ஈடு கிடைக்கும் என்று மக்கள் காத்திருந்தே தேய்ந்தார்கள். மயிலம்மா 2007-ல் போய்விட்டார்.

*

மரம் வளர்த்தால் கடன்! வயநாடு மீனங்காடி ஊராட்சி 2016 ஜூன் 5-ல் கார்பன் சமநிலைத் திட்டம் தொடங்கியது. அதில் ஒரு பகுதி மர வங்கி. நட்ட மரத்தை அடமானம் போல வைத்து, ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

*

தமிழ்நாட்டில் காற்றாலை வாங்கிய ஊராட்சி ஓடந்துறை. மேட்டுப்பாளையம் பக்கம். தலைவர் ஆர். சண்முகம் காலத்தில், 2006-ல், உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

*

பசுமைக் கட்சிகளின் தொடக்கம் எங்கே? ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. பெடர் ஏரியை நீர்மின் அணைக்காக மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று 1972-ல் ஒன்றுகூடியவர்கள் தேர்தலில் நின்றார்கள். ஏரியைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த பத்தாண்டில் நம் பக்கம் சைலன்ட் வேலி அணைத் திட்டம் கைவிடப்பட்டது.

ஜெர்மனியில் 1983 மார்ச்சில் 5.6 சதவீத வாக்குகளோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பசுமைக் கட்சியினர், அமில மழையில் காய்ந்த மரக்கிளையைக் கையோடு எடுத்துப்போனார்கள். பெட்ரா கெல்லி அவர்களில் ஒருவர்.

கென்யாவின் சுற்றுச்சூழல் போராளி வாங்காரி மாத்தாய் 2002-ல் டெட்டு தொகுதியில் 98 சதவீத வாக்குகளோடு நாடாளுமன்றம் போனார். அமைதி நோபல் அதற்குப் பிறகு, 2004-ல்.

*

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பசுமைக் கட்சிக்கு 2017 முதல் 2024 வரை தலைமை வகித்தவர் இலங்கையில் பிறந்த தமிழ்ப் பெண்! சமந்தா ரத்னம். எண்பதுகளில் இனக்கலவரச் சூழலில் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறியவர். சமூகப் பணியாளராக இருந்து, மெல்போர்னின் மோர்லாண்ட் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2015-ல் மேயரானார். பசுமைக் கட்சி என்றால் மரம், ஆறு மட்டும் என்று நினைப்பவர்கள் அவருடைய வேலையைக் கவனிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களின் உரிமையும் ஏழைகளுக்கான பொது வீடுகளும்தான் அவர் ஓயாமல் பேசியவை. மெல்போர்னில் 44 பொதுக் குடியிருப்புக் கோபுரங்களை இடிக்கும் அரசின் திட்டம் 2023-ல் வந்தபோது அவருடைய கட்சி எதிர்த்தது. 2025 கூட்டாட்சித் தேர்தலில் வில்ஸ் தொகுதியில் நின்று தோற்றார். வீட்டைவிட்டு வந்த குழந்தை பெரியவளாகிக் குடியிருப்பு உரிமைக்குப் பேசுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

திருப்பூணித்துறைக்கும் ஜெர்மனியின் ட்யூபிங்கனுக்கும் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றே, 90 ஆயிரத்துச் சொச்சம். பசுமைக் கட்சிக்காரராக மேயரான போரிஸ் பால்மர் காலத்தில், 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஒருமுறை பயன்படுத்தி வீசும் காப்பிக் கோப்பைக்கு 50 சென்ட், கரண்டிக்கு 20 சென்ட் நகர வரி. ஒரு துரித உணவகம் வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பால்மர் இடையில் கட்சியைவிட்டு விலகிவிட்டார், வரி நிலைத்தது. கேரளத்தில் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. கல்யாண மண்டபப் பின்வாசலில் போய்ப் பார்த்தால் தடை எவ்வளவு தூரம் நடக்கிறது என்று தெரியும்.

*

லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பேருந்து, ரயில், டிராம் எல்லாம் இலவசம். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் பிரான்சுவா பாவ்ஷ் பசுமைக் கட்சிக்காரர். ஸ்காட்லாந்தில் 22 வயதுக்கு உட்பட்டோருக்கு 2022 ஜனவரி முதல் பேருந்து இலவசம். அதற்கும் பசுமைக் கட்சியின் வற்புறுத்தல் காரணம். நம் கொச்சியில் 2023 ஏப்ரலில் தண்ணீர் மெட்ரோ வந்தது. ஜெர்மன் அரசு வங்கிக் கடனும் அதில் உண்டு. 2024 மார்ச் 6-ல் ரயில் மெட்ரோ திருப்பூணித்துறை முனையம் வரை நீண்டது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் மின்படகு வந்தது. ஏலம், மிளகு மூட்டைகள் படகில் வந்திறங்கிய ஊருக்கு அந்தப் பயணம் திரும்பக் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

*

1996 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் மூலம் கேரளம் தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அந்தப் பணத்தில் எந்த ஓடை தூர்வாரப்படும், எந்தத் தெருவுக்கு உரத்தொட்டி வரும் என்று முதலில் பேச வேண்டிய இடம் நகராட்சியில் வார்டு சபை, ஊராட்சியில் கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் போய்ப் பேசலாம். அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் வார்டின் வயல்கள் டேட்டா பேங்கில் இருக்கின்றனவா? நம் குப்பை இன்று எங்கே போகிறது? கோணோத்துப்புழாவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?